சந்தா ரசீதில் 'நன்கொடை' என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த வருமான வரி கேள்வி பதிலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சொந்தமாகத் தொழில் செய்யும் ஒருவர், தான் வருஷா வருஷம் கட்டும் சங்கச் சந்தாவையும் லைசென்ஸ் கட்டணத்தையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். "புதிய வரி முறையில் கழிவு எதுவும் கிடையாது" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். (வரி விகிதத்தைக் குறைத்து, சலுகைகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது புதிய முறை; அந்தச் சலுகைகளோடு இருப்பது பழைய முறை.) அந்தப் பதில் தவறு. நம் மாவட்டத்தில் உங்கள் பத்திரிகையில் வந்துவிட்டால் அதுதான் சட்டம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம், அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிந்த ஒரு பல் மருத்துவர் போன் செய்து, "அப்போ இத்தனை வருஷமா நான் கழிச்சதெல்லாம் தப்பா?" என்று கேட்டார். பயந்துபோயிருந்தார்.

நான் தக்கலையில் 19 வருடமாகக் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். பிளான் வரைவது, எஸ்டிமேட் போடுவது, வேலையை மேற்பார்வை பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது, வேலை இருக்கிற மாதம் உண்டு, மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது. ஆனால் கட்ட வேண்டிய பணம் மட்டும் மழை வெயில் பார்க்காது. உள்ளாட்சிகளில் பதிவு பெற்ற பொறியாளராக இருப்பதற்கும் அதைப் புதுப்பிப்பதற்கும் கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, பொறியாளர் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா, வரைபட மென்பொருளுக்கு வருடாந்திர உரிமக் கட்டணம். நம் மாவட்டம் சின்னது என்றாலும் நாகர்கோவில் மாநகராட்சி, நகராட்சிகள், ஏராளமான பேரூராட்சிகள், அதற்கப்புறம் ஊராட்சிகள் என்று அடுத்தடுத்து எல்லை மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்குத் தக்கலையில் ஒரு வேலை, நாளைக்குக் குளச்சலில், மறுநாள் கருங்கலில். போகிற இடமெல்லாம் ஒரு கட்டணம், ஒரு ரசீது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால் 'கழிவு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். எல்ஐசி பிரீமியம், பிபிஎஃப், மருத்துவக் காப்பீடு, இவையெல்லாம் 80சி, 80டி வகைக் கழிவு. வருமானம் இவ்வளவு என்று கணக்குப் போட்டு முடித்த பிறகு அதிலிருந்து சலுகையாகக் கழிப்பது. புதிய வரி முறையில் போய்விட்டது இந்த வகைதான். தொழிலை நடத்துவதற்காகச் செய்த செலவு அப்படிப்பட்டது இல்லை, அதைக் கழித்தால்தான் 'வருமானம்' என்ற எண்ணே வரும். ஒரு தேங்காய் வியாபாரி லாரி வாடகையைக் கழிக்காமல் லாபத்தைச் சொல்ல முடியுமா? அதே மாதிரிதான் வக்கீல் கட்டும் வழக்கறிஞர் சங்கச் சந்தாவும், மருத்துவர் தன் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கக் கட்டும் பணமும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு இதைத்தான் சொல்கிறது. தொழிலுக்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவாக இருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது, மூலதனச் செலவாக இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய முறையானாலும் புதிய முறையானாலும் கழிக்கலாம்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சம்பளக்காரர் கட்டும் தொழில் வரியைக் கழிக்க 16-ஆம் பிரிவில் இடம் இருந்தது, புதிய முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடம் இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு அது தொழில் செலவு, புதிய முறையிலும் கழிக்கலாம். அரசியலமைப்பின் 276-ஆம் பிரிவுப்படி தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது, அதனால் தொகை பெரிதில்லை. ஆனால் புதிய முறையில் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், எந்த ரசீதும் காட்ட வேண்டாம். நமக்கு அது கிடையாது. நம் கையில் இருக்கிற ரசீதுதான் நமக்கு எல்லாம், அதனால் 2,500 ரூபாயையும் விடக் கூடாது என்பது என் கட்சி.

நான் இப்படிப் பேசுவதற்குக் காரணம் உண்டு, பட்டிருக்கிறேன்.

2022-23-ஆம் நிதியாண்டுக்கு நான் கணக்கு எழுதி, ஆடிட் செய்து, ரிட்டர்ன் போட்டிருந்தேன். அந்த வருடம் இரண்டு உதவியாளர்கள் சம்பளம், ஆபீஸ் வாடகை, மென்பொருள், வண்டி என்று செலவு வரவில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு பில்டர் எனக்குக் கொடுத்த தொகைக்குப் பிடித்த டிடிஎஸ்ஸை (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) வேறு வருடத்தில் காட்டிவிட்டார், என் கணக்கும் வருமான வரித்துறையின் 26ஏஎஸ் கணக்கும் (என் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) ஒத்துப்போகவில்லை, மறு ஆண்டு நோட்டீஸ் வந்துவிட்டது. இப்போதெல்லாம் அதிகாரியை நேரில் பார்த்துப் பேச முடியாது, எல்லாமே இணையத்தில்தான், கேட்கிற ஆவணத்தைப் பதிவேற்ற வேண்டும், அவ்வளவுதான். டிடிஎஸ் விஷயம் தீர்ந்துவிட்டது. அதோடு விடவில்லை, செலவுகளுக்கும் ஆதாரம் கேட்டார்கள். வாடகை சரி, சம்பளம் சரி, மென்பொருள் சரி. சந்தாவும் பதிவுக் கட்டணங்களும் சேர்ந்து 23,500 ரூபாய், அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

சங்கத்தில் கொடுத்த ரசீது ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தில் கிழித்தது. ஏதோ ஒரு விழாவுக்காக அடித்த புத்தகம் போலிருக்கிறது, மேலே கொட்டை எழுத்தில் 'நன்கொடை' என்று அச்சாகியிருந்தது. எந்த ஆண்டுக்கான சந்தா என்று எழுதவில்லை. பொருளாளரிடம் பணம் கொடுத்தபோது நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் என் பதிவைப் புதுப்பிக்க உதவியாளரைப் பணத்தோடு அனுப்பியிருந்தேன், கவுண்டரில் "பேரு என்ன" என்று கேட்டிருக்கிறார்கள், அவன் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான், ரசீது அவன் பெயரில். இன்னொரு இடத்தில் ரசீது என் பெயரில்தான் இருந்தது, ஆனால் 'இதர வரவு' என்று மட்டும் போட்டிருந்தார்கள். எதற்கான வரவு? படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? முகம் தெரியாத ஓர் அதிகாரி டெல்லியிலோ புனேயிலோ உட்கார்ந்து இந்த மூன்று துண்டுக் காகிதத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? நன்கொடை தொழில் செலவு ஆகாது, வேறொருவர் பெயரில் உள்ள ரசீது எனக்கு உதவாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது, 23,500 ரூபாயையும் செலவாக ஏற்கவில்லை. அப்போது நான் பழைய முறையில் 20 சதவீத வரம்பில் இருந்தேன், செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து வரி மட்டும் 4,888 ரூபாய், வட்டி தனி.

மேல்முறையீடு செய்திருக்கலாம். 30 நாள் அவகாசம், கட்டணம் 1,000 ரூபாய், அப்புறம் ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டியது. யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் உண்மையாகவே தொழிலுக்காகக் கட்டிய பணம் அது, ஒரு பைசாகூட வேறு எதற்கும் போகவில்லை. அது இன்னமும் மனதில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு முந்தைய வருடங்களில் இன்னொரு கதை. அப்போது எனக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த பெரியவர், நல்ல மனிதர்தான், நான் ரசீதுக் கட்டை நீட்டியதும் "மக்களே, இதெல்லாம் எதுக்கு? பாதி வருமானம்னு காட்டிட்டுப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது 44ஏடிஏ பிரிவு. 2016-17 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. வக்கீல், மருத்துவர், பொறியாளர், கட்டடக்கலைஞர், கணக்காளர் மாதிரி சட்டம் பட்டியலிட்டிருக்கும் தொழில்காரர்கள், ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் 75 லட்சம் வரை), வரவில் பாதியை லாபம் என்று காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே போகலாம். நல்ல ஏற்பாடுதான், நானும் சில வருடம் அதில்தான் போனேன், செலவு பாதிக்குக் குறைவாக இருக்கிறவர்களுக்கு அதைவிட லாபமானது வேறு இல்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாதிக்குள்ளேயே சந்தா, லைசென்ஸ், வாடகை, தேய்மானம் எல்லாம் அடக்கம். பாதியைக் காட்டிவிட்டு அதிலிருந்து மறுபடியும் சந்தாவைக் கழிக்க முடியாது. சிலர் கழிக்கிறார்கள், அது தவறு. ஆகவே உங்களிடம் கேள்வி கேட்ட வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டியது, 'நீங்கள் எந்த வழியில் ரிட்டர்ன் போடுகிறீர்கள்?' என்பதுதான். பாதி வருமான வழி என்றால் தனியாகக் கழிக்க ஒன்றும் இல்லை. உண்மைக் கணக்கு வழி என்றால் முழுவதும் கழிக்கலாம், ஆனால் பாதிக்குக் குறைவாக லாபம் காட்டி, மொத்த வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம். ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணமும் செலவுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கடை வைத்திருப்பவர்களுக்கு 44ஏடி என்று வேறு பிரிவு, வரவில் லாபமாகக் காட்ட வேண்டியது 8 சதவீதம், வங்கி வழியாக வந்த வரவுக்கு 6 சதவீதம். அதிலும் இதே கதைதான், லைசென்ஸ் கட்டணம் உள்ளே அடக்கம். கமிஷனுக்கு வேலை செய்கிற ஏஜெண்டுகள் அந்தப் பிரிவுக்குள் வர முடியாது. அவர்களுக்கு உண்மைக் கணக்குதான் வழி, ஆகவே ரசீது மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் வேண்டும். நம் ஊரில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் எத்தனை அக்காமார்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது. "12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாதே, பிறகு என்னத்துக்கு இந்தத் தொல்லை?" 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் அப்படித்தான், 87ஏ பிரிவின்படி கட்ட வேண்டிய வரியில் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. நல்ல விஷயம். ஆனாலும் ரசீதை வீசிவிடச் சொல்லும் காரணம் அது இல்லை. 12 லட்சத்தை ஒட்டி நிற்கிறவருக்கு 20,000 ரூபாய் செலவு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதைத் தீர்மானிக்கும். வீட்டுக் கடனுக்காகவோ பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்காகவோ பழைய முறையிலேயே இருக்கிறவர்களுக்கு அந்தத் தள்ளுபடி 5 லட்சத்தோடு நின்றுவிடும். (சொந்தத் தொழில் செய்கிறவர்கள் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ என்ற படிவம் கொடுக்க வேண்டும், புதிய முறைக்கு ஒருமுறை திரும்பிவிட்டால் மறுபடி பழையதற்குப் போக முடியாது, இதையும் உங்கள் பகுதியில் ஒருநாள் விளக்கமாகப் போடுங்கள்.) எல்லாவற்றையும்விட, வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்னில் இருக்கும் வருமான எண்தான் பிள்ளைக்கு உதவித்தொகை கேட்கும்போதும் கடன் கேட்கும்போதும் முன்னால் வந்து நிற்கிறது. நம் வருமானம் உண்மையில் எவ்வளவோ அதுதான் அங்கே இருக்க வேண்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

எதையெல்லாம் கழிக்கலாம் என்பதில் கொஞ்சம் நியாயமும் வேண்டும். முதல்முதலாகத் தொழிலுக்குள் வரும்போது கட்டுகிற பணம் வேறு, வந்த பிறகு ஆண்டுதோறும் கட்டுகிற பணம் வேறு. வக்கீலாகப் பதிவு செய்கிற கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் பொதுப்பிரிவினரிடம்கூட வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்புச் சொன்னது, இளம் வக்கீல்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பணம் தொழில் தொடங்குவதற்கு முன்பே கட்டுவது, அதை நடப்பு ஆண்டுச் செலவு என்று காட்டுவது கஷ்டம். அதே வக்கீல் நோட்டரியாகவும் இருந்தால், 5 ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கக் கட்டுவது தொழில் செலவு. பல வருடம் பயன் தரும் ஓர் உரிமத்தை விலைக்கு வாங்கினால் அது மூலதனம், ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, ஆண்டுக்கு 25 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கலாம். மென்பொருளை ஒரேயடியாக வாங்கினால் 40 சதவீதம். வருடாவருடம் கட்டுகிற சந்தா முறையில் வாங்கினால் அந்தந்த வருடச் செலவு. நான் இப்போது சந்தா முறைக்கு மாறிவிட்டேன்.

அரசுக்குக் கட்டும் கட்டணங்களில் 43பி பிரிவையும் மறக்கக் கூடாது. கட்ட வேண்டியிருக்கிறது என்று எழுதி வைத்தால் போதாது, உண்மையில் கட்டியிருக்க வேண்டும். தாமதமாகக் கட்டியதற்கு அபராதம் போட்டால் அந்த அபராதம் செலவில் சேராது, கட்டணம் மட்டும் சேரும். ஆகவே ரசீதில் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். சிலர் மனமகிழ் மன்றச் சந்தாவையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் 'தொழில் தொடர்புக்காக' என்று எழுதுகிறார்கள். வேண்டாம். அப்படி ஒன்று உள்ளே இருந்தால் மற்ற நல்ல செலவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. வேண்டுகோள் உங்களிடம் மட்டுமல்ல, நம் மாவட்டத்தில் இருக்கும் வக்கீல், மருத்துவர், பொறியாளர், போட்டோகிராபர், வியாபாரி சங்கங்களின் செயலாளர், பொருளாளர் எல்லோரிடமும்தான். அண்ணாச்சிமார்களே, சந்தாவுக்கென்று தனியாக ஒரு ரசீதுப் புத்தகம் அடியுங்கள். பெரிய செலவில்லை. உறுப்பினரின் முழுப் பெயர், உறுப்பினர் எண், எந்த ஆண்டுக்கான சந்தா, தொகை, தேதி, பணமா யுபிஐயா என்ற விவரம், சங்கத்தின் பதிவு எண், கையெழுத்து. 'ஆண்டுச் சந்தா' என்ற இரண்டு சொல் மேலே இருக்கட்டும். மாநாட்டுக்கோ ஓணம், பொங்கல் விருந்துக்கோ வாங்குகிற பணத்தை அதே ரசீதில் சேர்க்காதீர்கள், அதற்கு வேறு ரசீது கொடுங்கள். ஒரு சந்தாவுக்கு மூன்று நிமிடம் கூடப் பிடிக்காது.

உள்ளாட்சி அலுவலகக் கவுண்டரில் இருக்கிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே கூட்டம் அதிகம், ஆள் குறைவு, நான் தினமும் பார்க்கிறேன், யாரையும் பழி சொல்லவில்லை. ஆனால் பணம் கொண்டுவருகிறவர் பெயர் வேறு, பதிவு யாருக்கானதோ அவர் பெயர் வேறு. பதிவு எண்ணைக் கேட்டு, அந்தப் பெயரில் ரசீது போடுங்கள். எதற்கான கட்டணம் என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். இணையத்தில் கட்டுகிற வசதி இருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் குறைவு, நாங்களும் கூடியவரை அதில்தான் கட்டுகிறோம்.

அப்புறம் என்னைப் போன்ற தொழில்காரர்களுக்கு. ரசீதை வாங்கினவுடன் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், தேதி, எதற்காக என்று பாருங்கள். தவறு இருந்தால் அந்த நிமிடமே திருத்தச் சொல்லுங்கள், மறுநாள் போனால் யாரும் தேடித்தர மாட்டார்கள். வெப்பக் காகிதத்தில் அடிக்கிற ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், நம் ஊர் ஈரக் காற்றுக்கு இன்னும் சீக்கிரம், அதனால் அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய தொழில்காரர்கள் அதை மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 6 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று வருமான வரி விதிகளில் 6எஃப் விதி சொல்கிறது. நான் இப்போது ஒரு பழைய பிளான் ஃபைலில் ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதம் மாதமாகக் கோத்து வைக்கிறேன், வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் அதை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது, நான் மேலே சொன்ன பிரிவு எண்கள் அதில் மாறியிருக்கின்றன, தொழில் செலவைக் கழிக்கலாம் என்பது மாறவில்லை. இப்போது நாம் தாக்கல் செய்யப்போகும் 2025-26 கணக்குக்குப் பழைய 1961 சட்டம்தான். ரிட்டர்ன் போடும் பருவம் இது. ஆகவே தாமதிக்காமல் வருகிற ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன், முடிந்தால் முதல் பதில் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். அந்தப் பல் மருத்துவரிடம் நான் சொல்லியாகிவிட்டது, ஆனால் அவர் பத்திரிகையில் வரட்டும் என்று காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.